போனை வைத்துக் கோணம் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் இளம் பிசியோக்களைப் பார்க்கிறேன். போனைக் கையில் எடுத்ததும், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே கூத்துகள் திரும்ப நடக்கின்றன. சார்ஜ் போடாதது, கவரைத் துடைக்காதது எல்லாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

திரையில் வரும் எண்ணை மூட்டின் கோணம் என்று எழுதுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கோனியோமீட்டர் (மூட்டின் கோணம் அளக்கும் கருவி) ஆப்புக்கு முழங்கால் எது, தோள் எது என்று தெரியாது. புவியீர்ப்புக்கு எதிராகப் போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

முழங்கால் மாற்று அறுவை முடிந்து வந்த ஒருவரைக் கட்டிலில் உட்காரவைத்து, கெண்டைக்காலில் போனை வைத்தே அளந்து வந்தார் பயிற்சிக்கு வந்த ஒரு பிசியோ. வலிக்குப் பயந்து நோயாளி விளிம்புக்கு நகர, தொடை முன்பக்கம் சரிந்தது. கால் நேராகத் தொங்கியதால் ஆப் 90 காட்டியது. தொடை 15 டிகிரி சரிந்திருந்தால் உண்மையான மடக்கம் 75தான். சார்ட்டில் முன்னேற்றம், மூட்டிலோ இறுக்கம். சர்ஜன் கையால் மடக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. அதற்குள் எளிதாகத் தளர்த்தியிருக்கக்கூடிய வாரங்கள் போய்விட்டன.

தொடையில் வைத்து ஒரு அளவு, கெண்டைக்காலில் வைத்து ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் மடக்கம் தெரியும். தோளிலும் இதே கதை: முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டு கையைத் தூக்கினால், முதுகின் டிகிரியும் தோள் கணக்கில் ஏறிவிடும்.

உட்கார்ந்தபடி கழுத்தைத் திருப்பும்போது சாய்வு மாறாது, அதனால் போனின் சாய்வுமானியால் அளக்க முடியாது. திசைகாட்டி முறை உண்டு, ஆனால் இரும்புக் கட்டில் பக்கத்தில் அதை நம்ப முடியாது. மல்லாந்து படுக்கவைத்து அளந்தால் சாய்வுமானியே போதும்.

இந்த வாரம் ஆப், அடுத்த வாரம் கோனியோமீட்டர்

வேண்டாம்.

வாட்ச் காட்டும் நாடித்துடிப்பு

பீட்டா பிளாக்கர் (நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு எவ்வளவு நடந்தாலும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. இலக்கு எட்டவில்லை என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 6 முதல் 20 வரையுள்ள போர்க் அளவுகோலை நீட்டி, எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள்.

வாக்கர் பிடித்தவரின் காலடிக் கணக்கு

கை வீசாது, மணிக்கட்டுப் பட்டை குறைத்தே எண்ணும். கணுக்காலில் கட்டுங்கள்.

நோயாளி வீடியோ உங்கள் சொந்த கேலரியில்

அனுமதி எழுதி வாங்கியிருந்தாலும் தானியங்கி பேக்கப்பை முதலில் அணைத்துவிடுங்கள்.