பொறிவண்டு முதுகில் விழுந்த வெள்ளைத் திட்டு

திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் அவரைக்கொடி வளர்கிறது. சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்தால் போதும், பின்னாலேயே பொறிவண்டும் வந்துவிடும். படமெடுப்பதுதான் பெரும்பாடு. மதியத்துக்குள் கடற்காற்று கிளம்பி இலையை ஆட்டும். பிளாஷ் போட்டாலோ வழவழப்பான முதுகில் வெள்ளைத் திட்டு விழுந்து, நெளிநெளியான கருங்கோடுகளை விழுங்கிவிடும்.

ஆட்டத்துக்கு மருந்து பிளாஷேதான். குறைந்த திறனில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகவே மின்னும். வெயில் பதியாமல் பிளாஷ் ஒளி மட்டும் பதிய, கொடியின்மேல் என் நிழல் விழும்படி நின்று லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/200 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 என்று வைத்தேன், அசைவு உறைந்தது.

திட்டுக்குக் காரணம், பிளாஷின் முகம் சிறியது. ஒளி வரும் பரப்பு பெரிதாகவும் பூச்சிக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். வெள்ளை சார்ட் அட்டையைக் கூரையாக வளைத்து லென்ஸ் நுனிவரை நீட்டி, முன்பக்கம் ட்ரேசிங் பேப்பர் இரண்டு அடுக்கு ஒட்டினேன். (கடையில் இதையே யானை விலைக்கு விற்கிறார்கள்.) கோடுகள் மட்டுமல்ல, தலையோரத்து வெளிர்மஞ்சள்கூடத் தெரிந்தது.

1:1 அளவில், அதாவது பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் பதியும்போது, தெளிவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, பூச்சியின் கண் தெளியும்போது அழுத்துகிறேன். கட்டெறும்பின் வயிறு மட்டும் இன்னும் மின்னுகிறது. மூன்றாவது அடுக்கு ஒட்டிப் பார்க்க வேண்டும்.