கேஎல்-இல் கட்டுப்படியாகும் விலைக்கு அழகான அறை எடுப்பது எப்படி?

தீபாவளிக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா, பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு, அம்மாவுக்குக் கண் சோதனை என்று பேராக்கில் உள்ள நம்ம சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் போகாத வீடு இல்லை. ஆனால் இரவு தங்க வேண்டும் என்றால் அங்கே செந்தூலில் சொந்தக்காரர் வீட்டுக் கூடம், இல்லாவிட்டால் அன்றிரவே பேருந்து. பூட்டிக் ஹோட்டல் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. குறைந்த எண்ணிக்கையில் அறைகள் வைத்து, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அலங்கரித்த சின்ன விடுதிதான் அது. வார நாளில் 150, 200 வெள்ளிக்குள் (ரிங்கிட்) நல்லதாகவே கிடைக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாவை ஓர் இரவாவது அப்படி ஓர் அறையில் தூங்க வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இடத்தை ரயிலை வைத்து முடிவு செய்யுங்கள்

இடிஎஸ் மின்சார ரயில் நம்ம ஊரிலேயே நிற்கிறது, நேராக கேஎல் சென்ட்ரல். அங்கிருந்து எல்ஆர்டி நகர ரயிலில் அடுத்த நிறுத்தம் பாசார் செனி, அதற்கடுத்தது மஸ்ஜித் ஜாமெக். சாப்பாடுதான் முக்கியம் என்றால் கேஎல் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ்; நம்ம ஊர்க்காரரான துன் சம்பந்தன் பெயரில் உள்ள சாலையிலேயே வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். அறை அழகாக இருக்க வேண்டும் என்றால் என் ஓட்டு பாசார் செனி, பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கத்துக்கு. கீழே கடை, மேலே வீடு என்று இருந்த பழைய கடைவீடுகளை இடிக்காமல் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். 1873-இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரம்தான். காலையில் அம்மா தனியாகவே போய்க் கும்பிட்டு வந்துவிடலாம்.

2. தேதி

ஞாயிறு முதல் வியாழன் வரை விலை இறங்கும். பள்ளி விடுமுறையில் ஏறும். அவ்வளவுதான்.

3. படத்தைப் பார்க்காதீர்கள், அறையின் வகையைப் படியுங்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அறை பதிவு செய்யும் அகோடா, புக்கிங்.காம் எதைத் திறந்தாலும் முதலில் வருவது அந்த விடுதியின் மிக அழகான அறை. மரச் சன்னல், பழைய தரை ஓடு, வெயில் விழும் கட்டில். நீங்கள் மலிவாக எடுப்பது பெரும்பாலும் அந்த அறையாக இருக்காது.

காரணம் கட்டடத்திலேயே இருக்கிறது. கடைவீடு முன்பக்கம் ஒடுக்கம், உள்ளே நீளம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். ஆகவே சன்னல் வைக்க முன்பக்கமும் பின்பக்கமும்தான் உண்டு. நடுவில் விழும் அறைகளுக்குச் சன்னலே இருக்காது, அல்லது காற்றுக்காக விட்ட நடுமுற்றத்தைப் பார்த்து இருக்கும். மலிவான அறைகள் அந்த நடு அறைகள்தான். வசதிகள் பட்டியலில் சின்ன எழுத்தில் 'நோ விண்டோ' என்று போட்டிருப்பார்கள். அதைத் தேடிப் படியுங்கள்.

சன்னல் இல்லாத அறை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க கடைகடையாக ஏறி இறங்கிவிட்டுத் தூங்க மட்டும் வருகிறவருக்கு அது நல்ல அறை. தெருச் சத்தம் எட்டாது. வயதானவர்களை மட்டும் அங்கே படுக்க வைக்காதீர்கள். தோட்டத்தில் விடியற்காலை வெளிச்சத்தோடு எழுந்தே பழகியவர்கள், மணி என்ன என்று தெரியாத இருட்டில் தவித்துப் போவார்கள்.

விமர்சனங்களில் மதிப்பெண்ணைப் பார்ப்பதை விட, புதியவற்றை முதலில் வரிசைப்படுத்தி பீசிங், பாவ், லிஃப் என்ற மலாய்ச் சொற்களைத் தேடுங்கள். சத்தம், வாடை, மின்தூக்கி மூன்றின் லட்சணமும் அங்கே தெரிந்துவிடும். பழைய கட்டடங்களில் பலவற்றுக்கு மின்தூக்கி இல்லை.

4. ஒரு போன் போடுங்கள்

எந்தச் செயலியையும் விட இதைத்தான் நான் நம்புகிறேன். "பாங், பிலிக் து அடா திங்காப்? ஹாடாப் ஜாலான் கெ?" அறைக்குச் சன்னல் உண்டா, தெருவைப் பார்த்ததா, அவ்வளவுதான் கேள்வி. அப்புறம் நேரடியாக எடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். சில இடங்களில் குறைப்பார்கள், சில இடங்களில் காலைப் பசியாறலைச் சேர்த்துக் கொடுப்பார்கள்.

செயலியிலேயே எடுப்பதானால், சில வெள்ளி கூடினாலும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய விலையை எடுங்கள். ஊரில் ஒரு துக்கம் என்றால் நாம் கிளம்பாமல் இருக்க முடியாது.

5. விலையோடு சேரும் காசு

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 8 விழுக்காடு சேவை வரியும் தனி. 150 வெள்ளி அறை 177-க்குக் குறையாது. 2024 பிப்ரவரி வரை அந்த வரி 6 விழுக்காடாக இருந்தது, பழைய பதிவுகளைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஓர் இரவுக்கு அறைக்கு 10 வெள்ளி என்ற சுற்றுலா வரி வெளிநாட்டவருக்கு மட்டும்தான். அடையாள அட்டையைக் காட்டுங்கள், நம்மிடம் வாங்கக் கூடாது.

கிளம்பும்போது திருப்பித் தரும் முன்பணமாக 50 அல்லது 100 வெள்ளி கேட்பார்கள். அதை ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டெபிட் கார்டில் போட்டால் அந்தப் பணம் முடங்கித் திரும்பி வரப் பல நாள் ஆகலாம்.

பின்சேர்க்கை: கெடா பக்கத்து வாசகர் ஒருவருக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. கையில் இருந்தது அந்த ஓர் அட்டைதான், ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்கினாராம். இன்னொரு வாசகி காலை ரயிலில் போய் இறங்கி, அறை கொடுக்கும் பிற்பகல் 3 மணி வரை பைகளோடு கடைமுன் ஐந்தடி நடைபாதையிலேயே நின்றிருக்கிறார். அப்படி நிற்க வேண்டியதில்லை அக்கா. பையை முகப்பில் கொடுத்து ஒட்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்விடலாம், காசு கேட்க மாட்டார்கள்.

தைப்பூசத்துக்கு அறை கேட்டு எழுதியவர்களுக்கு: பத்துமலைக்குப் போகும் வெள்ளி ரதம் புறப்படுவது அந்த மகா மாரியம்மன் கோயிலிலிருந்துதான். ரதம் புறப்படும் இரவே சாலைகளை மூடிவிடுவார்கள், காரில் போய் விடுதி வாசலில் இறங்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாகப் பழம். டுரியான் கூடாது என்பது தெரியும். மங்குஸ்தீனையும் பல விடுதிகள் விடுவதில்லை, அதன் கறை படுக்கை விரிப்பில் பட்டால் போகாது, அபராதம் கேட்பார்கள். சொந்தக்காரருக்கு என்று கொண்டுபோகும் பழத்தை முதலில் செந்தூலில் இறக்கிவிட்டு, அப்புறம் அறைக்குப் போங்கள்.