பீனிச (சைனஸ்) எக்ஸ்ரே எடுக்கப் போகிறீர்களா?

மார்கழி வாடைக்காற்று தொடங்கினால் திருகோணமலையில் எனக்குக் கன்னமெல்லாம் கனக்கும், குனிந்தால் நெற்றி வலிக்கும். போன மழைக்காலத்தில் டாக்டர் எக்ஸ்ரேக்கு எழுதிக் கொடுத்தார்.

வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. ஆனால் தோடு, சங்கிலி, கொண்டை ஊசி, கட்டுப்பல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நான் மூக்குத்தியை மறந்துவிட்டேன். அது படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து, இரண்டாம் முறை எடுக்க வேண்டி வந்தது. இறுகியிருந்தால் வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் போட்டுக் கழற்றிக்கொண்டு போங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெட்கம் வேண்டாம்.

பெரும்பாலும் நிற்கவோ இருக்கவோ வைத்துத்தான் எடுப்பார்கள். கன்னம், நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளில் நீர் தேங்கியிருந்தால் அப்போதுதான் அதன் மட்டம் கோடாகத் தெரியும். நாடியைப் பலகையில் ஊன்றி, முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறக்கச் சொல்வார்கள். கழுத்து கொஞ்சம் பிடிக்கும். "மூச்சை அடக்குங்கோ" என்றதும் அசையாமல் நில்லுங்கள். சில விநாடிதான், வலி கிடையாது.

படத்தில் காற்று கறுப்பாகவும் சளி வெண்மையாகவும் தெரியும். வெண்மையைப் பார்த்து நீங்களே பயப்படாதீர்கள். அந்த அறைகளின் உட்புறச் சவ்வு வீங்கினாலும் அப்படித்தான் தெரியும். கிருமியா ஒவ்வாமையா என்று படம் சொல்லாது. தெளிவு போதாவிட்டால் சி.டி. ஸ்கேன் எழுதுவார்கள். சரி, பழைய படம் ஏதும் இருந்தால் அதையும் கையோடு கொண்டு போங்கள்.