தாழ்த்திய பிக்கப்பில் புஷ் போல்ட்டை இறுக்கும் முறை

உயரம் குறைக்கப்பட்ட பிக்கப் வண்டி சிறு குழிக்கே முதுகை உலுக்கினால், புதிய ஷாக் அப்சார்பருக்குச் செலவழிக்கும் முன், பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் தகட்டிலும் உள்ள புஷ் (மூட்டில் பொருத்தும் உறை) போல்ட்டுகளை நட்டைக் கழற்றாமல் சற்றே தளர்த்தி, நான்கு சக்கரங்களும் சமதரையில் நின்று எடையைத் தாங்கும் நிலையிலேயே, தயாரிப்பாளர் குறிப்பிட்ட இறுக்க அளவுக்கு மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

ரப்பர் புஷ் வழுக்கிச் சுழல்வதில்லை. அதன் உள்ளே இருக்கும் உலோகக் குழாய் போல்ட்டோடு இறுகிவிடுவதால், ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் அசைவுக்கு இடம் தருகிறது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் (பட்டறைகளில் அவசரத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது), இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே தங்கி, கூடுதலான ஒரு ஸ்பிரிங்கைப் போல விறைப்பைக் கூட்டி, விரைவில் கிழிந்தும் போகிறது. கம்பத்திலிருந்து குமுளி மலைப்பாதையில் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிகளில், ஒவ்வொரு வளைவிலும் புஷ் முறுக்கப்படுவதால், இந்தக் கோளாறு சீக்கிரமே வெளிப்படும்.

கிரீஸ் வைத்துத் தடையின்றிச் சுழலும் பாலியூரித்தேன் அல்லது உலோக புஷ்களுக்கு இது பொருந்தாது. ரப்பர் ஏற்கெனவே வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். சக்கர அச்சு மேலே சட்டத்தில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில், அந்த அச்சு இடித்த புதிய தடம் தெரிந்தால், குறை அசைவதற்கான இடைவெளியில்தான் இருக்கிறது. அதற்கு உயரம் குறைந்த பம்ப் ஸ்டாப்பும், தாழ்த்திய வண்டிக்கென்றே அமைந்த குட்டையான ஷாக்கும் தேவை.