ஊர்க் குழாய்த் தண்ணீரை நாமே கண்காணிக்கலாம்: கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள்

குழாய்த் தண்ணீர் சுத்தம்தானா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் "டெஸ்ட் பண்ணியாச்சு, ரிப்போர்ட் இருக்கு" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரை எந்த இடத்தில், என்றைக்குப் பிடித்தார்கள் என்று கேளுங்கள். போர்வெல் அடியில் பிடித்த தண்ணீர் சுத்தமாக இருக்கலாம், அது கடைசித் தெருக் குழந்தையின் டம்ளருக்கு வந்து சேர்வதற்குள் ஒரு தொட்டி, நீளமான குழாய், நாலைந்து வால்வு குழிகள் எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும்.

அதனால் முதலில் நாலு இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள்: போர்வெல், மேல்நிலைத் தொட்டி, தொட்டிக்குப் பக்கத்துத் தெருக் குழாய், கடைசித் தெருக் குழாய். ஒவ்வொரு முறையும் அதே இடங்கள்தான், மாற்றக் கூடாது. ஒரு நோட்டு போட்டு தேதி, நேரம், இடம், முதல்நாள் மழை பெய்ததா, தண்ணீர் எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று எழுதிவையுங்கள்.

அடிக்கடி பார்க்க வேண்டியது குளோரின், அதாவது கிருமியைக் கொல்லத் தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடரின் மருந்து. தினமும் முடியாவிட்டால் வாரம் இரண்டு நாளாவது பாருங்கள். சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து, பரிசோதனைப் பெட்டியில் (கிட்) உள்ள சொட்டு மருந்தை விட்டால் மஞ்சள் நிறம் வரும் (சில கிட்டில் இளஞ்சிவப்பு). அட்டையோடு ஒப்பிட்டால், கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். குழாயடியிலேயே பார்த்துவிடுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய் ஆற அமரப் பார்த்தால் குளோரின் குறைந்துபோயிருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு மழைக்காலத்தில் முதல் தெருவில் நல்ல மஞ்சள் வந்தது, கடைசித் தெருவில் நிறமே வரவில்லை. டேங்க் ஆபரேட்டர் அண்ணன் பிளீச்சிங் பவுடர் போட்டதை நானே பார்த்திருந்தேன், அவர் மேல் தப்பில்லை. குழாய் போன வழியே நடந்து போனால், நடுவில் ஒரு வால்வு குழி முழுக்கச் சாக்கடைத் தண்ணீர், அதற்குள் முங்கியபடி வால்வு. தண்ணீர் விடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால் கசிவு வெளியேதான் போகும், ஆனால் நிறுத்தியதும் குழாய் காலியாகி அதே ஓட்டை வழியாக வெளித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் பத்து நிமிடம் நாம் குடத்தில் பிடிப்பது அதைத்தான்.

அடுத்தது கிருமி. இதற்கான பரிசோதனைக் குப்பி, ஹெச்2எஸ் பாட்டில் என்று கேட்டால் கிடைக்கும். குறியிட்ட அளவு வரை தண்ணீர் நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து 24 முதல் 48 மணி நேரம் பாருங்கள். கறுத்துவிட்டால் மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று அர்த்தம். உடனே ஊராட்சியில் சொல்லுங்கள், சரிசெய்யும் வரை தெருவில் எல்லோரையும் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். கறுத்த பாட்டிலை அப்படியே கொட்டாதீர்கள், பிளீச்சிங் பவுடர் போட்டு வைத்திருந்து பிறகு அப்புறப்படுத்துங்கள்.

தொட்டி மூடிக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருந்ததே, அது தெரிய வந்தது குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான்.

ஃபுளோரைடு, நைட்ரேட் இரண்டும் வேறு மாதிரி. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். இந்தியத் தர நிர்ணயப்படி (ஐஎஸ் 10500) ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. நைட்ரேட் 45ஐத் தாண்டவே கூடாது, கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இதில் அலட்சியம் வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்ததற்கு ஃபுளோரைடுதான் காரணம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பரிசோதனைப் பெட்டி தர வேண்டும். உங்கள் ஊர்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், பீரோவுக்குள் இருந்தால் வெளியே எடுக்க வையுங்கள், மருந்துகளின் காலாவதி தேதியையும் பார்த்துவிடுங்கள்.

பெட்டி சந்தேகத்தைத்தான் காட்டும், உறுதி செய்வது ஆய்வகம். மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு, ரசாயனப் பரிசோதனைக்கு வருடம் ஒரு முறையும், கிருமிக்கு மழைக்கு முன்பு ஒன்று, பின்பு ஒன்று என இரண்டு முறையும் அனுப்ப வேண்டும். ரசாயனத்துக்கு என்றால் கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கிருமிக்கு அவர்கள் தரும் பாட்டிலை அலசவே கூடாது, உள்ளே குளோரினை முறிக்கும் மருந்து இருக்கும். வாய்ப்பகுதியில் விரல் படாமல், கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் கூட்டம் உண்டு. "தண்ணீர் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தேதி, இந்தக் குழாய், இந்த அளவு என்று வாசித்து, இந்த வால்வை எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதோடு தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். சரிசெய்து முடித்த மறுநாள் காலை, தண்ணீர் விட்டதும் அதே கடைசிக் குழாயில் முதல் குப்பியைப் பிடியுங்கள்.