இதயத் தமனியும் நரம்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பிக்கும் நான், இளம் மருத்துவனாக ஏற்காட்டில் செய்த பிழைகளையே இவர்களும் விடைத்தாளில் எழுதக் காண்கிறேன். ஏற்பிகளின் (நரம்பு விடும் வேதிப்பொருள் வந்து பற்றும் இடங்களின்) பெயரை மாற்றி எழுதுவது நாளடைவில் திருந்திவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

பரிவு நரம்பு சுருக்கும் என்பதோடு நிறுத்துவது

தோலிலும் குடலிலும் கண்டதை இதயத்துக்கும் பொருத்துவதால் வரும் பிழை இது. அவசர வேளையில் உடலை முடுக்கும் பரிவு நரம்பு விடும் நார்அட்ரினலின், ஆல்ஃபா ஏற்பி வழியாக இதயத் தமனியைச் சுருக்க முற்படுவது உண்மைதான். ஆனால் அதே நரம்பு பீட்டா-1 ஏற்பி வழியாகத் துடிப்பையும் சுருங்கும் வலுவையும் கூட்டுகிறது. ஓய்விலேயே தனக்கு வரும் ஆக்சிஜனில் 70 முதல் 80 சதவீதத்தை இதயத்தசை எடுத்துக்கொள்வதால், கூடுதல் தேவைக்கு இரத்த ஓட்டம் பெருகியே ஆக வேண்டும். அப்போது இதயத்தசையில் உருவாகும் அடினோசின் முதலிய பொருள்கள் தமனிகளை விரிக்க, நரம்பின் நேரடிச் சுருக்கம் அடங்கிப்போகிறது.

அடங்கியது அழிந்தது என்று எண்ணுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுவே. ஒரு மார்கழியில், விடியலில் மட்டும் நெஞ்சுவலி வருவதாகக் காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவர் வந்தார்; பகலில் மூட்டை சுமந்து மேடேறினாலும் அவருக்கு வலியில்லை. இதயத்தின் வேலையைக் குறைத்தால் போதும் என்று கணக்கிட்டு, பீட்டா ஏற்பிகளை அடைக்கும் புரோப்ரானலால் மருந்தை எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்து, "ஐயா, ஒரு தடவை வந்த வலி இப்ப ரெண்டு மூணு தடவை வருதுங்க" என்றார். மூத்த மருத்துவர் ஒருவர், வலி இருக்கும்போதே விடியலில் ஈசிஜி எடுக்கச் சொன்னார். இதயத்தசைக்கு இரத்தம் தடைபடுவதைக் காட்டும் எஸ்டி பகுதி அதில் உயர்ந்திருந்தது. வலி தணிந்ததும் இறங்கிவிட்டது. 1959இல் அமெரிக்க இதய மருத்துவர் பிரின்ஸ்மெட்டல் விவரித்த தமனி இறுக்கம் அது. விரிக்கும் பீட்டா-2 ஏற்பியையும் என் மருந்து அடைத்துவிட, சுருக்கும் ஆல்ஃபா ஏற்பிக்கு எதிர்ப்பே இல்லாமல் போயிற்று. அதை நிறுத்தி, தமனியைத் தளர்த்தும் டில்டியாசெமும் நைட்ரேட்டும் கொடுத்த பிறகே வலி விட்டது. கொழுப்புப் படிவால் குறுகிய தமனிக்குப் பீட்டா தடுப்பு மருந்து நன்மை செய்வதே. அதை எவரும் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் வலி வரும் நேரத்தை அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், நான்தான் அதற்குச் செவிகொடுக்கவில்லை.

வேகஸ் நரம்பு எப்போதும் விரிக்கும் என்பது

இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு விடும் அசிட்டைல்கோலின் நலமான தமனியை விரிக்கும். தமனியின் உட்சுவர் பழுதானால், அதே அசிட்டைல்கோலின் சுருக்கும்.

டயஸ்டோலை மறப்பது

இடது இதயத் தமனியில் இரத்தம் பெரும்பாலும் டயஸ்டோலில், அதாவது இதயம் தளரும்போதே பாய்கிறது. துடிப்பு மிகுந்தால் அந்த அவகாசம் குறையும்.

வலியில்லை என்று அனுப்பிவிடுவது

நெடுநாள் நீரிழிவில் வலியை உணர்த்தும் நரம்பே கெட்டிருக்கலாம், ஈசிஜி எடுங்கள்.