அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்குமா? வாய்ப்பைக் கணக்கிடும் முறை

"எஸ்ஏடி 1540, வகுப்பில் முதல் ஐந்து ரேங்குக்குள், ரோபாட்டிக்ஸ் கிளப் தலைவர். ஸ்டான்ஃபர்டு கிடைக்குமா?" (எஸ்ஏடி என்பது அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு.) இந்த மூன்று விவரங்களை மட்டும் வைத்துப் பதில் சொல்பவர் யாராக இருந்தாலும் ஊகித்துத்தான் சொல்கிறார். ஆனாலும் இந்தக் கேள்விக்கு உருப்படியான பதிலைத் தேடிக்கொள்ள வழி இருக்கிறது. பல்கலைக்கழகங்களே வெளியிடும் சில ஆவணங்களும் ஒரு கால்குலேட்டரும் போதும். பதில் ஒற்றை எண்ணாக வராது. எங்கே, எந்தச் சுற்றில், எவ்வளவு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிப்பது என்ற முடிவாக வரும். வீட்டுக்கு வேண்டியதும் அந்த முடிவுதான்.

பொதுச் சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள்

2024இல் முதலாண்டில் சேர ஹார்வர்டுக்கு 54,008 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது 1,937 பேருக்கு, அதாவது சுமார் 3.6%. இது எல்லா வகை மாணவர்களையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரி. விளையாட்டுப் பயிற்சியாளர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், பெரும் நன்கொடையாளர் குடும்பத்தினர், பேராசிரியர்களின் பிள்ளைகள் ஆகியோரும் இதற்குள் அடக்கம். ஹார்வர்டின் மீது தொடரப்பட்டு 2023இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புடன் முடிந்த வழக்கில் உள்விவரங்கள் வெளியே வந்தன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆண்டுகளில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது. நீங்கள் அந்த வகைகளில் சேராதவர் என்றால், உங்கள் கணக்கு பொதுச் சதவீதத்துக்குக் கீழேதான் தொடங்கும். எம்ஐடி, கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை முன்னாள் மாணவர் உறவைப் பார்ப்பதில்லை. அங்கே இந்தக் கழித்தல் குறைவு.

வெளிநாட்டு மாணவர்களின் நிலை இன்னும் கடினம். எம்ஐடியின் மொத்தச் சேர்க்கை விகிதம் சுமார் 4.5%. வெளிநாட்டு விண்ணப்பதாரர்களுக்கு அதில் பாதிகூட வராது.

இந்த எண்களைத் தோண்டியெடுக்கும் இடம் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஒரே வடிவத்தில் இதை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு இந்தச் சொற்களையும் ஆண்டையும் சேர்த்துத் தேடினால் பிடிஎஃப் கிடைக்கும். சி1 பகுதியில் மொத்த விண்ணப்பமும் தேர்வானவர் எண்ணிக்கையும் இருக்கும். சமீப ஆண்டுப் படிவங்களில் உள்மாநிலம், வெளிமாநிலம், வெளிநாடு என்று பிரித்துக் காட்டும் இடமும் உண்டு. சி2இல் வெயிட்லிஸ்ட் (காத்திருப்போர் பட்டியல்), சி7இல் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம், சி9இல் தேர்வு மதிப்பெண், சி21இல் எர்லி டிசிஷன் (முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்று), எச்6இல் வெளிநாட்டு மாணவர்களுக்கான நிதி உதவி. மூன்று ஆண்டுப் படிவங்களை எடுத்து அருகருகே வையுங்கள். ஒரே ஆண்டின் ஏற்ற இறக்கம் ஏமாற்றிவிடும்.

எர்லி டிசிஷன் கணக்கு

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கணக்குக்காக ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். மொத்தம் 28,000 விண்ணப்பம், 1,500 பேருக்கு இடம். இதில் எர்லி டிசிஷனில் வந்தவை 3,000, தேர்வானவர்கள் 500. சி1இலிருந்து சி21ஐக் கழித்தால் வழக்கமான சுற்றில் 25,000 பேருக்கு 1,000 இடம், அதாவது 4%. எர்லியில் 16.7%. "நான்கு மடங்கு வாய்ப்பு" என்று பார்த்தவுடன் தோன்றும். ஆனால் அந்த 500 பேரில் 150 பேர் ஏற்கெனவே பேசி முடித்த விளையாட்டு வீரர்கள் என்று வைத்துக்கொண்டால், மற்ற 2,850 பேருக்கு 350 இடம்தான்: 12.3%. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளையும் எடுத்துவிட்டால் இன்னும் இறங்கும். அனுகூலம் அப்போதும் மிஞ்சும், ஆனால் நான்கு மடங்கு இல்லை.

எர்லி டிசிஷன் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மாணவர், பெற்றோர், பள்ளியின் வழிகாட்டி ஆலோசகரான கவுன்சிலர் மூவரும் கையெழுத்திட வேண்டும். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். உதவித்தொகை போதவில்லை என்று காட்டினால் விலகலாம், ஆனால் வேறு கல்லூரிகள் என்ன தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு இருக்காது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபர்டு நான்கும் நடத்தும் முன்சுற்று வேறு வகை. சேர வேண்டிய கட்டாயம் கிடையாது. அதே நேரத்தில் வேறு தனியார் பல்கலைக்கழகத்தின் முன்சுற்றில் விண்ணப்பிக்கவும் பெரும்பாலும் அனுமதி இல்லை. இந்த முன்சுற்றுகளுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசித் தேதி, முடிவு டிசம்பர் நடுவில் வரும்.

மதிப்பெண் வாசல்படி மட்டுமே

சி9ஐ வாசிக்கும்போது இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். அதிலுள்ளவை தேர்வானவர்களின் மதிப்பெண் அல்ல, சேர்ந்தவர்களின் மதிப்பெண். மேலும், மதிப்பெண் கட்டாயமில்லாத கல்லூரிகளில் அதை அனுப்பத் துணிந்தவர்களின் எண்கள் மட்டுமே அங்கே வரும். எத்தனை சதவீதம் பேர் அனுப்பினார்கள் என்பதும் அதே பகுதியில் இருக்கும். பாதிப் பேர்தான் அனுப்பினார்கள் என்றால் அந்த எண்கள் மேல்நோக்கி வீங்கியவை. உங்கள் மதிப்பெண் 25ஆவது பெர்சன்டைலுக்குக் கீழே, அதாவது அந்த எண்களின் கடைசிக் கால் பங்கில் இருந்து, அனுப்புவதும் கட்டாயம் இல்லை என்றால், பெரும்பாலும் அனுப்பாமல் இருப்பதே நல்லது.

எம்ஐடியில் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி கணித மதிப்பெண்ணில் நடுப் பாதி 780க்கும் 800க்கும் இடையில் இருக்கிறது. 740 எடுத்தவரின் விண்ணப்பத்தில் மற்றவை மிக வலுவாக இருந்தாக வேண்டும். ஆனால் 790ஐ 800 ஆக்கத் திரும்பவும் தேர்வெழுதுவதால் பயனில்லை. அந்த நேரத்தில் விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தி எழுதலாம்.

கொள்கைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. எம்ஐடி 2022இல் மதிப்பெண்ணைத் திரும்பக் கட்டாயமாக்கியது. ஹார்வர்டு, யேல், டார்ட்மத், பிரவுன், கால்டெக் ஆகியவை அதையே 2024இல் அறிவித்தன. யேல் மட்டும் எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏசிடிக்குப் பதிலாக ஏபி அல்லது ஐபி (பள்ளியில் எடுக்கும் உயர்நிலைப் பாடங்கள்) மதிப்பெண்ணையும் ஏற்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட வளாகங்கள் எஸ்ஏடியைக் கொடுத்தாலும் பார்ப்பதில்லை.

மதிப்பெண்ணைவிட ஆழமாகப் படிக்கப்படுவது, என்னென்ன பாடங்களை எடுத்தீர்கள் என்ற பட்டியல். அதையும் உங்கள் பள்ளியை வைத்துத்தான் எடைபோடுவார்கள். விண்ணப்பத்தோடு கவுன்சிலர் அனுப்பும் 'ஸ்கூல் புரொஃபைல்' என்ற தாளில் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் உண்டு, மதிப்பெண்கள் எப்படிப் பரவியுள்ளன என்பதெல்லாம் இருக்கும். ஆறு ஏபி மட்டுமே உள்ள பள்ளியில் ஐந்தை எடுத்தவர், இருபத்தைந்து உள்ள பள்ளியில் எட்டு எடுத்தவருக்குக் குறைந்தவர் அல்ல. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தமிழ்நாட்டில் பல பள்ளிகளில் அப்படியொரு தாளே இருக்காது. தலைமையாசிரியரிடம் பேசி ஒரே பக்கத்தில் தயாரித்துக் கொடுப்பது பெரிய உதவி. இன்னொன்று: மாநில வாரியம், சிபிஎஸ்இ மதிப்பெண்ணை அமெரிக்க முறையில் 4.0 அளவிலான சராசரியாக (ஜிபிஏ) நீங்களே மாற்றி எழுதாதீர்கள். 100க்கு எவ்வளவோ அப்படியே கொடுங்கள்.

மதிப்பெண்ணுக்கு அப்பால்

வாசல்படியைத் தாண்டியவர்கள் இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குப் பின் பிரித்துக் காட்டுபவை செயல்பாடுகளும் கட்டுரையும் ஆசிரியர் கடிதங்களும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்குப் பத்து வரிசைகள், ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்துகள்தான். பத்தையும் இப்போதே எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எட்டிய எல்லையைக் குறியுங்கள்: பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசம், உலகம். கணிதத்தில் இதை அளப்பது எளிது. அமெரிக்காவில் ஏஎம்சி, ஏஐஎம்இ, யுஎஸ்ஏஎம்ஓ என்று கணிதப் போட்டிப் படிகள் உண்டு. இந்தியாவில் ஐஓக்யூஎம், ஆர்எம்ஓ, ஐஎன்எம்ஓ. ஐஎன்எம்ஓ வரை சென்றவரைக் கணிதத் துறையில் யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். கிளப் தலைவர் பதவி அப்படியல்ல. அந்தக் கிளப் உங்களால் என்ன செய்து முடித்தது என்பதை 150 எழுத்துக்குள் சொல்ல முடியாவிட்டால் அதைப் பள்ளி எல்லையிலேயே நிறுத்துங்கள்.

தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டது, அப்பாவின் கடையில் தினமும் நின்றது இவற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதுவதே இல்லை. காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. வாரத்துக்கு எத்தனை மணிநேரம் என்று தயங்காமல் எழுதுங்கள். மாறாக, பணம் கட்டி 'ஆராய்ச்சிக் கட்டுரை' வெளியிட்டுத் தரும் நிறுவனங்களையும், கட்டணம் செலுத்தினால் எவரும் சேரக்கூடிய கோடை வகுப்புகளையும் நம்ப வேண்டாம். விண்ணப்பங்களைப் படிக்கும் அதிகாரிகள் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானவற்றைப் பார்ப்பவர்கள். இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கும் வகுப்புகளுக்கும் மதிப்புத் தரமாட்டார்கள். பெற்றோர் லட்சக்கணக்கில் இழப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

சி7ஐ இப்போது திறந்து பாருங்கள். எம்ஐடி அங்கே 'மிக முக்கியம்' என்று குறிப்பது குணத்தையும் தனிப்பட்ட பண்புகளையும். ஆசிரியர் கடிதம்தான் இதற்குச் சாட்சி. ஆகவே உங்களை நன்றாக அறிந்த ஆசிரியரைக் கேளுங்கள், நூற்றுக்கு நூறு போட்டவரை அல்ல. பதினொன்றாம் வகுப்பின் இறுதியிலேயே கேட்டுவிடுங்கள்.

பாடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கார்னகி மெலனின் கம்ப்யூட்டர் சயன்ஸ் பள்ளி, இல்லினாய் அர்பானா-ஷாம்பெயின் கம்ப்யூட்டர் சயன்ஸ், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் பள்ளி ஆகியவற்றின் விகிதம் பல்கலைக்கழகத்தின் மொத்த விகிதத்தைவிட வெகு கீழே. பொது எண்ணைப் பார்த்து இவற்றை எளிது என்று பட்டியலில் போடுவது வழக்கமான பிழை. வேறு துறையில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்பதும் இங்கெல்லாம் பெரும்பாலும் நடக்காது.

பணம் கேட்பது வாய்ப்பை மாற்றும்

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத், பிரவுன், ஆம்ஹெர்ஸ்ட், போடன் போன்ற சில இடங்களே வெளிநாட்டு மாணவர்களுக்கும் 'நீட் பிளைண்ட்': உதவி கேட்டதைத் தேர்வில் பார்ப்பதில்லை, தேர்வானால் தேவை முழுவதையும் ஈடுகட்டுகிறார்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் உதவி கேட்கும் வெளிநாட்டு மாணவருக்கு வாய்ப்பு வெகுவாகச் சுருங்கும். எச்6இல் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு என்று பார்த்து, அந்த எண்ணிக்கையை நான்கால் வகுங்கள். ஓராண்டில் சுமாராக எத்தனை புதியவர்களுக்குக் கிடைக்கிறது என்பது தெரியும். பத்துப் பேருக்குக் குறைவு என்றால் அங்கே கட்டுரை எழுதும் நேரத்தை வேறிடத்துக்கு மாற்றலாம்.

அமெரிக்காவிலேயே வளர்ந்து எச்4 விசாவில் (எச்1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இது தாமதமாகத் தெரிய வருகிறது. அவர்களுக்கு அரசின் கூட்டாட்சி நிதி உதவி கிடையாது. பல கல்லூரிகள் உதவி விஷயத்தில் அவர்களை வெளிநாட்டினராகவே வைக்கின்றன. கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறுபடும். அட்மிஷன் அலுவலகத்துக்கு ஆகஸ்டிலேயே மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். 21 வயதில் எச்4 முடிந்துவிடுவதால் படிப்பின் நடுவே மாணவர் விசாவான எஃப்1க்கு மாற வேண்டி வரலாம், அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பட்டியல் போடுதல்

5% வாய்ப்புள்ள பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஒன்றாவது கிடைக்க 40% வாய்ப்பு என்று கணக்குச் சொல்லும் (0.95ஐப் பத்து முறை பெருக்கினால் சுமார் 0.60). இந்தக் கணக்கு பத்து முடிவுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் அதே கட்டுரை, அதே கடிதங்கள், அதே மதிப்பெண்தான் பத்து மேசைக்கும் போகின்றன. ஓரிடத்தில் சுமாராகத் தெரிந்தது மற்ற இடத்திலும் சுமாராகத்தான் தெரியும். அதனால் உண்மை வாய்ப்பு 40%க்குக் கீழே. இருபது இடத்துக்கு அனுப்பினால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைகளின் தரம் விழும்.

10%க்குக் குறைவான விகிதமுள்ள எந்த இடத்தையும், யாராக இருந்தாலும், எட்டாக்கனி வரிசையிலேயே வையுங்கள். அதில் நான்கைந்து போதும். நடு வரிசையில் நான்கு. பாதுகாப்பு வரிசையில் இரண்டு, அவை மூன்று சோதனைகளையும் தாண்ட வேண்டும்: இடம் உறுதி, கட்டணம் கையில் அடங்கும், பிள்ளை மனதாரச் சேரும். டெக்சாஸ் பள்ளிகளில் முதல் 5% ரேங்கில் இருப்பவர்களுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் தானாகவே இடம் உண்டு (2026 சேர்க்கை முதல், முன்பு 6%). விரும்பிய துறைக்கு அந்த உறுதி இல்லை. தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு உள்ளூர் இடமே நல்ல பாதுகாப்பு. ஆனால் ஜேஇஇ தயாரிப்பும் கட்டுரை எழுதும் மாதங்களும் அக்டோபர் முதல் ஜனவரி வரை மோதும். எதற்கு முன்னுரிமை என்று ஜூனிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

டிசம்பர் முடிவு வந்ததும் கணக்கைத் திரும்பப் போடுங்கள். முன்சுற்றில் நேரடியாக நிராகரிப்பு வந்தால், மீதமுள்ள விண்ணப்பங்களின் முதன்மைக் கட்டுரையை வேறொருவரிடம் காட்டி ஜனவரிக்குள் மாற்ற இரண்டு வாரம் இருக்கிறது. தள்ளிவைப்பு வந்தால் (விண்ணப்பம் வழக்கமான சுற்றுக்குப் போனால்) முதல் பருவ மதிப்பெண்ணையும் புதிதாக நடந்ததையும் ஒரு பக்கக் கடிதமாகப் பிப்ரவரியில் அனுப்புங்கள். மார்ச் இறுதியில் வெயிட்லிஸ்ட் என்று வந்தால் சி2ஐப் பாருங்கள். சில இடங்களில் சில ஆண்டுகளில் அதிலிருந்து ஒருவரைக்கூட எடுப்பதில்லை. அதில் பெயர் வைத்திருந்தாலும் மே 1க்குள் வேறோர் இடத்தில் முன்பணம் கட்டிவிட வேண்டும்.